கோவளத்தில் பலகையை இறக்கும் முன்

அலைச்சறுக்கு விளையாட, சென்னைக்கு அருகிலுள்ள கோவளம் கடற்கரைக்கு விடியும்போதே வந்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எழும் அலையின் முகத்தை வழவழப்பாக நிமிர்த்திப் பிடிக்கும். நண்பகலில் கடற்காற்று திரும்பியதும் அதே அலை கலைந்து நுரையாகிவிடும். தாமதமாக வந்து, “அலையே சரியில்லை” என்று திரும்புபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். 3 அடி அலை 6 நொடிக்கு ஒன்று வந்தால் வெறும் அலைக்கழிப்பு; 12 நொடி இடைவெளியில் வந்தால் அதே 3 அடிக்குத் தனி வலிமை.

வந்தவுடன் இறங்காமல் கால்மணி நேரம் மணலில் உட்காருங்கள். அடிமணல் நகர்ந்துகொண்டே இருப்பதால், நேற்று அலை உடைந்த இடத்தில் இன்று உடையாமல் போகலாம். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் நீர் கறுத்து அமைதியாகத் தெரிந்தால் அங்கே நீர் கடலுக்குள் இழுக்கிறது என்று பொருள். முதல் ஆண்டில் அந்த அமைதியை நம்பி இறங்கி, கரையில் நின்றவர்கள் புள்ளியாகும்வரை இழுபட்டேன். சிக்கினால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். பலகையை விடாமல், கரைக்கு இணையாகக் கைகளால் துழாவி வெளியேறுங்கள்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் புதியவர்கள் இறங்கவே வேண்டாம். படகு வரும் வழியிலிருந்து ஒதுங்கி நில்லுங்கள். கடல் எப்படி இருக்கிறது என்று மீனவர்களிடமே கேளுங்கள்.