மனித உரிமை வகுப்பில் செல்போனை எடுக்கும் முன்

தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு மனித உரிமைப் பாடம் நடத்துகிறேன். என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். குழந்தைத் திருமணம் பற்றிய வகுப்புக்கு முன்னால் ஒரு கூகுள் படிவம் அனுப்பி, "பெயர் வேண்டாம், தெரிந்ததை எழுதுங்கள்" என்றேன். ஒரு மாணவி தன் தங்கைக்கு 16 வயதில் நடந்த கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தார். பதில்களைத் திறந்தால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி! அதைச் சேகரிக்கும் அமைப்பை நான் அணைக்கவே இல்லை. இன்னும் பத்து நிமிடத்தில் அதை அப்படியே ப்ரொஜெக்டரில் போட்டிருப்பேன். அன்று மாலையே அந்த மாணவியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. மலைக்கிராமத்திலிருந்து வகுப்புக்கு ஒரே ஒரு பெண் வருகிறார் என்றால், ஊர்ப் பெயரே அவர் பெயர்தான். அதனால் பதில்களை நான் படித்து, ஊரையும் உறவையும் நீக்கிச் சுருக்கிச் சொல்வதோடு சரி.

அடுத்த தவறு, ஐ.நா.வின் 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டுவது. மாணவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதற்குப் பதில், நம் மாவட்டத்திலேயே நடந்ததை எடுங்கள். அரூர் பக்கத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011இல்தான் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைப் போனில் இறக்கிப் படிக்கச் சொல்லுங்கள். "ஏன் 19 வருடம்?" என்று அவர்களே கேட்பார்கள். வகுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் கேமராவோடு அந்த ஊருக்கு மாணவர்களை அனுப்பிவிடாதீர்கள். விசாரணை அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் அந்தப் பெண்கள் சொன்னது போதும். நம் செய்முறைப் பாடத்துக்காக இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது நாட்டின் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் படங்களை அனுப்பும் முன் இதை நினைவூட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், உண்மையில் இல்லாத தீர்ப்பைக்கூட வழக்கு எண்ணோடு எழுதிக் கொடுத்துவிடும். தீர்ப்பில் எந்தப் பத்தி என்று காட்டாத மேற்கோளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

அப்புறம், தேசிய மனித உரிமை ஆணையத்தின் இணையப் புகார்ப் பக்கத்தில் பயிற்சிக்காகப் பொய்ப் புகார் போட வைக்காதீர்கள். அது நிஜமான புகார்கள் காத்திருக்கும் வரிசை. புகார் எழுதுவதைத் தாளில் பழக்கலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லா மாணவர்களுக்கும் சொந்தப் போன் கிடையாது. சித்தேரி மலைக்குப் போனால் சிக்னலுக்கும் அலைய வேண்டும். அண்ணன் போனில் பாடம் பார்க்கும் பெண்ணுக்கு, குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் முதலில் படிப்பது அண்ணன்தான். அந்தக் கேள்விகளை மட்டும் வகுப்பிலேயே தாளில் கொடுத்து, அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.