மாட்டின் நெஞ்சைப் பார்த்து மனித நெஞ்சுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மாடு பார்க்கப் போகும் இடமெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தேடி வரும். "மாடு புல்லைத் தின்கிறது, நாய் எலும்பையும் கொழுப்பையும் தின்கிறது. இரண்டுக்கும் மாரடைப்பு வருவதில்லை. நமக்கு மட்டும் ஏன் டொக்டர் ஐயா?" கேட்கிறவர் பதிலையும் கையோடு வைத்திருப்பார்: கொலஸ்ட்ரோல் என்பதெல்லாம் வெறும் பயமுறுத்தல், கொழுப்புத் தின்னும் நாய் நன்றாகத்தானே ஓடுகிறது. கால்நடை வைத்தியராக நான் அஞ்சுவது இந்தப் பதிலுக்குத்தான். இதை நம்பிக் குளிசையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாயின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதி எச்.டி.எல். என்னும் நல்ல வடிவில் ஓடுகிறது, மாட்டிலும் அப்படித்தான். நாடி எனப்படும் இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்கும் எல்.டி.எல். என்னும் கெட்ட வடிவம் மனிதரில்தான் மேலோங்கியிருக்கிறது. 1913இல் ரஷ்யாவில் நிகோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரோலை ஊட்டி, அவற்றின் நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். நாயிலும் எலியிலும் அது எளிதில் நடக்கவில்லை என்பதாலேயே பலர் அவரை நெடுங்காலம் நம்பவில்லை. 1946இல் நாய்களின் தைரொயிட் சுரப்பியை மருந்தால் அடக்கிவிட்டுக் கொலஸ்ட்ரோல் ஊட்டியபோது அவற்றுக்கும் நாடி தடித்தது. தைரொயிட் குறைந்த நாய்களில் இன்றும் அதைக் காணலாம். கூட்டில் அடைத்து வளர்க்கும் கிளிக்கும் வயதேறினால் வருகிறது. விலங்குக்கு வராது என்று பொதுவாகச் சொல்ல இடமில்லை.

மாட்டுக்கு இதய நோயே கிடையாது என்பதும் பிழை. மாடு தீனியை நாக்கால் சுருட்டிச் சரியாக மெல்லாமல் விழுங்கும். வேலிக் கம்பித் துண்டு, ஆணி, குப்பைமேட்டில் கிடக்கும் இரும்பு எதுவானாலும் இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்கிவிடும். அந்த இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவே உதரவிதானமும் சில சென்டிமீற்றர் இடமும்தான் இருக்கின்றன. கம்பி துளைத்துக்கொண்டு முன்னே வந்தால் இதய உறைக்குள் சீழ் கட்டும். அப்படி இறந்த மாட்டைத் திறந்தால் தடித்த உறை, நாற்றமடிக்கும் நீர், இதயத்தின் மேல் மஞ்சள் படலம், சில வேளை அதற்குள் கறுத்த கம்பித் துண்டே கையில் தட்டுப்படும். அதே இதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடியை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் உட்சுவர் வழுவழுப்பாக இருக்கும்.

பால் சட்டென்று குறைந்து, முன்கால் முழங்கைகளை அகற்றி நின்று, சரிவில் இறங்க மறுத்து, தாடைக்குக் கீழும் முன்மார்பிலும் வீங்கி, கழுத்து நாளம் புடைத்த மாட்டுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு. வீக்கம் தெரியும்போதே பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. வேலி கட்டி முடித்த அன்றே கம்பித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

இனி மனிதருக்கு வருவோம். மனித வைத்தியம் என் தொழில் அன்று. ஆயினும் இங்கே சொல்பவை இதய வைத்தியர்கள் ஒத்துக்கொண்டவை. முடியுரு நாடியின் அடைப்பைத் தண்ணீர்க் குழாயில் பிடிக்கும் துரு என்று பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் பூண்டு, இஞ்சி, தேசிக்காய்ச் சாறு காய்ச்சிக் குடித்தால் அடைப்புக் கரைந்துவிடும் என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. கொழுப்பு இருப்பது சுவரின் உள்ளே. எந்தச் சாறும் அதைச் சுரண்டி எடுக்காது. சுவரின் உட்படலம் ஒருநாள் கிழியும்போது அந்த இடத்தில் இரத்தம் உறைந்து நாடி மூடிக்கொள்கிறது. முன்பு பெரிதாக ஒடுங்காமல் இருந்த இடத்திலும் இது நடக்கலாம். ஆகவே, "போன மாதம் ஈசிஜி எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள்" என்பது இன்றைய நெஞ்சுவலிக்குச் சமாதானம் ஆகாது.

வயலில் பாடுபடுகிறவனுக்கு வராது, மெலிந்தவனுக்கு வராது, இளவயதில் வராது என்ற பேச்சும் அப்படியே. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களைப் பரிசோதித்த அறிக்கை 1953இல் வெளிவந்தது. சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்கினரின் முடியுரு நாடிகளில் நோயின் அடையாளம் இருந்தது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதயத்துக்குக் கேடுதான், புகை வராவிட்டாலும்.

சாப்பாட்டில் ஒன்றிரண்டு சொல்கிறேன். "கொலஸ்ட்ரோல் அற்றது" என்று தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் இருப்பது உண்மை. தாவர எண்ணெய்களில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆனால் தேங்காய் எண்ணெயின் நிறைவுற்ற கொழுப்பு நம் ஈரலைக் கொண்டே எல்.டி.எல்லை உயர்த்துகிறது. நம் ஊர் எருமைத் தயிர் எனக்கும் பிடித்தது. எருமைப் பாலில் பசும்பாலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கொழுப்பு உண்டு. நாள்தோறும் சட்டியைக் காலி செய்ய வேண்டாம்.

எல்லாவற்றிலும் உயிரைப் பறிக்கும் தவறு, நெஞ்சு இறுகும்போது "வாய்வு" என்று சொல்லிப் படுத்துக்கொள்வது. அறுவடைக் காலத்தில் இதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துவிட்டது. வியர்த்துக் கொட்டுகிறது, இடக்கை அல்லது தாடை கடுக்கிறது, மூச்சு வாங்குகிறது. வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள், முதுகைத் தடவுகிறார்கள், விடியட்டும் என்கிறார்கள். சீனி வருத்தக்காரருக்கு வலியே இல்லாமலும் வரலாம். பெண்களுக்குக் குமட்டலும் முதுகுவலியும் அசதியுமாகத் தோன்றலாம். இதயத் தசை அரைமணி அளவிலேயே சாகத் தொடங்குகிறது. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்திருக்கும் நேரம்கூடப் பெரிது. 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நோயாளியை மோட்டார் சைக்கிளின் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். நடக்கவிடவும் வேண்டாம். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையைப் பொலித்தீன் பையில் முடிந்து வைத்தால் வீரியம் போய்விடும். அது வந்த போத்தலிலேயே இருக்கட்டும், வைக்கும்போது உட்கார்ந்திருங்கள். கொலஸ்ட்ரோல் குறைந்துவிட்டது என்று ஸ்டட்டின் குளிசையை நிறுத்துகிறவர்கள், அது குறைந்ததே குளிசையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். நாடி அடைபடாமல் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் பல் பிடுங்குவதற்காக இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. இதய கிளினிக்கில் கேட்டே செய்ய வேண்டும். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் நோன்பு பிடிக்கும் அன்பர்கள் குளிசை நேரத்தை மாற்றுவதற்கும் ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் போய்வருவது நல்லது.

மீந்த குளிசைகளை நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. கிழநாய் இருமினால் அது இதய வால்வு தளர்ந்ததாலும் இருக்கலாம். உங்கள் கொலஸ்ட்ரோல் மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. பூனைக்கு ஒரு பரசிற்றமோல் குளிசையே உயிரைக் குடிக்கப் போதும்.