கல்லூரிக் கூடைப்பந்தில் குட்டை கார்டின் லேஅப் பிளாக் ஆனால்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் தடையின்றி வளையம்வரை போன 5 அடி 9 அங்குல கார்டுக்கு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்), கல்லூரியில் லேஅப் (ஓடிவந்து வளையத்தருகே எம்பிப் போடும் பந்து) எல்லாம் பிளாக் ஆனது, அதாவது காற்றிலேயே தடுக்கப்பட்டது. உயரமாகக் குதிக்கப் பயிற்சி கொடுத்தேன், பயனில்லை. பந்தை இன்னும் வளைத்துப் போடச் சொன்னேன். பலகையில் பட்டுத் தெறித்தது.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எதிரணியில் தடுப்பு உதவிக்கு வரும் நெட்டையர் பந்தைவிடக் காலடியைத்தான் கவனிக்கிறார். பந்தைக் கையிலெடுத்தபின் இரண்டாவது காலடி ஊன்றும் கணத்தில் எம்பிவிடுகிறார்.

அதனால் முதல் காலடியிலேயே எம்பிப் பந்தை விடவைத்தேன்: வலக்கையால் போட்டால் வலக்காலில் எம்ப வேண்டும். நெட்டையர் வளையத்தடியில் காத்திருந்தால், 8 அடி தள்ளியே ஃப்ளோட்டர் (அவர் கைக்கு மேலே மென்மையாக உயர்த்திப் போடும் பந்து). தினமும் வலம், இடம் எனப் பக்கத்துக்கு 50 முறை. பந்து இடுப்புக்கு இறங்கக்கூடாது, தட்டிப் பறித்துவிடுவார்கள். தாடை உயரத்திலேயே இருக்கட்டும். மூன்று வாரத்தில் நிம்மதி.