முத்திரை குத்திய ஊறுகாய்

போன வாரம், புதிதாக மொழிபெயர்க்க வந்த பெண் ஓர் ஊறுகாய் லேபிளை அனுப்பியிருந்தாள். ‘காற்று புகா முத்திரை இடப்பட்டது’ என்று இருந்தது. திட்ட வாய் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் இதைவிட மோசமாக நானே எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை, சந்திப்பிழையை விடுங்கள், அதைப் பார்க்க ஆள் இருக்கிறது. இங்கே பேச்சு, லேபிளில் வரும் ‘சீல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதைப் பற்றி.

சீல் என்றாலே முத்திரையா?

ஆங்கிலத்தில் ‘சீல்’ ஒரே சொல். நமக்கு அது இரண்டு வேலை. தாசில்தார் சான்றிதழில் விழுவது முத்திரை. பாட்டிலின் வாயில் இருப்பது அடைப்பு. கடிதத்தை அரக்கால் ஒட்டி அதன்மேல் மோதிரத்தை அழுத்திய காலத்தில் அடைப்பும் முத்திரையும் ஒரே இடத்தில் இருந்தன. இப்போது இல்லை.

நான் மாட்டியது ஒரு கண் சொட்டு மருந்தின் துண்டுச்சீட்டில். ‘முத்திரை உடைந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம்’ என்று எழிலாக எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபின், கடையில் ஒரு பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கவர்மெண்ட் முத்திரை எங்கப்பா?” என்று கேட்டாராம். மொத்தச் சீட்டும் மறுபடி அச்சுக்குப் போனது. என் பில்லில் பாதி போனது. இன்றும் அந்தச் சொல்லை லேபிளில் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ‘மூடியைச் சுற்றியுள்ள வளையம் அறுந்திருந்தால்’ என்று எழுதியிருக்கலாம். கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும்.

ஹெர்மெட்டிக்கும் ஏர்டைட்டும்

ரப்பர் வாஷர் போட்ட டப்பா ஏர்டைட். ‘காற்று புகாத’ போதும். ஆனால் ரப்பர் வழியாகவும் காற்று மெல்ல மெல்லக் கசியும். ஹெர்மெட்டிக் என்பது அதைவிடக் கறார்: உலோகத்தைப் பற்றவைத்தோ, கண்ணாடியை உருக்கியோ அடைப்பது. ஃபிரிட்ஜ் கம்ப்ரசரில் மோட்டாரும் பம்ப்பும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வெல்டிங் ஆகியிருக்கும். அறுத்தால்தான் திறக்கும். அங்கே ‘மூடி’ என்று எழுதினால் மெக்கானிக் சிரிப்பார்.

ரசவாதிகளின் மூல ஆசான் என்று சொல்லப்பட்ட ஹெர்மெஸ் ட்ரிஸ்மெகிஸ்டஸ் பெயரிலிருந்து வந்த சொல்தான் ஹெர்மெட்டிக். நம் சித்த மருத்துவத்திலும் அதே நோக்கத்துக்கு ஒரு சொல் உண்டு: சீலைமண். மருந்து வைத்த அகலை இன்னோர் அகலால் மூடி, மண் பூசிய துணியைப் பொருத்தில் சுற்றிக் காயவைத்து, அப்புறம்தான் புடம் போடுவார்கள், அதாவது நெருப்பில் வைத்துச் சுடுவார்கள். ‘ஏழு சீலைமண்’ என்றால் ஏழு சுற்று. அது ஏதோ ஒரு வகை மண் என்று நினைத்துவிடாதீர்கள்.

வேடு

பாத்திரத்தின் வாயைத் துணியால் மூடிக் கட்டுவது. எறும்பு புகாது, காற்று புகும்.