பிஓ வந்ததும் 'அக்செப்டட்' என்று பதில் போடுவதற்கு முன்

கோவை பக்கம் சின்னதாக லேத், மில்லிங் பட்டறை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனியிலிருந்து முதல் பர்ச்சேஸ் ஆர்டர் (பிஓ) மெயிலில் வந்ததும் உடனே மெட்டீரியல் வாங்க ஓடாதீர்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் உங்கள் கொட்டேஷனையும் பிஓவையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக டிக் அடியுங்கள். ரேட், எண்ணிக்கை, ஜிஎஸ்டி தனியா சேர்த்தா, லாரி வாடகை யார் தலையில், இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். டிராயிங் நம்பரில் மட்டும் நிதானமாக இருங்கள். நீங்கள் ரேட் கொடுத்தது ரிவிஷன் பி-க்கு, பிஓவில் இருப்பது ரிவிஷன் சி என்றால் புது டிராயிங்கை வாங்கிப் பாருங்கள், ஏனென்றால் 0.05 மி.மீ. டாலரன்ஸ் (அளவு கூடக் குறைய இருக்கலாம் என்று விடும் இடைவெளி) 0.02 ஆகியிருந்தால் லேத்தில் முடிகிற வேலை கிரைண்டிங் வரை போகும், பழைய ரேட் கட்டாது.

அடுத்து கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து. பேமென்ட் 90 நாள் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. தயங்காமல் கேளுங்கள், இது சலுகை இல்லை. தாமத அபராதம் வாரத்துக்கு 0.5 சதவீதம் என்றிருந்தால் உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்: 2 லட்ச ரூபாய் ஆர்டரில் வாரம் 1,000 ரூபாய், 5 சதவீத வரம்பு இருந்தால் 10,000-த்தோடு நிற்கும், இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். மெட்டீரியல் அவர்கள் தருவதாக இருந்தால், அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் டெலிவரி நாள் எண்ண வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வழக்கு எந்த ஊர் கோர்ட்டில் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, மாற்றம் வேண்டும். போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பார்கள், அந்த அதிகாரி மாறிப்போனால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும், அதனால் எந்தெந்த ஷரத்து என்று நம்பர் போட்டு மெயில் அனுப்பி, பிஓ அமெண்ட்மென்ட் (எழுத்தில் திருத்தம்) கேளுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 7-வது பிரிவுப்படி, நிபந்தனை வைத்துச் சொல்லும் சம்மதம் சம்மதமே ஆகாது. 8-வது பிரிவு இன்னும் முக்கியம்: வாய் திறந்து ஒப்புக்கொள்ளாமலே, பிஓ சொன்னதைச் செய்து கொடுத்தாலோ அதற்கான பணத்தை வாங்கிக்கொண்டாலோ ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஆகவே அமெண்ட்மென்ட் வரும்வரை அட்வான்ஸை வாங்க வேண்டாம், சாம்பிள் லாட்டைக்கூட அனுப்ப வேண்டாம்.

வந்த பிறகு, கேட்டதெல்லாம் ஏறியிருக்கிறதா என்று மறுபடி டிக் அடித்து, பிஓ நம்பரோடு அமெண்ட்மென்ட் நம்பரையும் தேதியையும் குறிப்பிட்டு 'அக்செப்டட்' என்று கையெழுத்து, சீல் வைத்து அனுப்புங்கள். அதே நம்பர்களை டெலிவரி சலானிலும் இன்வாய்ஸிலும் போட்டுவிட்டால் பில் அக்கவுன்ட்ஸில் தேங்காது.