தேர்வுக்கு முந்தைய கடைசிப் பறத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானியாக ஆசைப்படும் நம் பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்கோ அதையும் தாண்டியோ போய்த்தான் பறக்கக் கற்கிறார்கள். ஆனால் காற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஆரல்வாய்மொழிக்காரன். ஆடி மாதம் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்றில், அது வரும் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்தே பள்ளிக்குச் சைக்கிள் மிதித்தவன். பக்கக்காற்றில் விமானத்தை இறக்குவதும் ஏறக்குறைய அதே வித்தைதான். அப்படியிருந்தும் உரிமத் தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பில் நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கானான ரட்டரை எதிர்ப்பக்கம் மிதித்து, ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடித்தேன். சக்கரம் தரையைத் தொட்டதும் வேலை முடிந்ததென்று கையைத் தளர்த்திவிட்டேன். விமானம் ஓரத்துக்கு இழுத்தது. வேகம் குறையக் குறைய, இறக்கையைத் தாழ்த்தி உயர்த்தும் எய்லரான் பலகையின் பிடி தளரும். ஆகவே தரையில் ஓடும்போது கட்டுப்பாட்டுச் சக்கரத்தைக் காற்றுப் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். நான் செய்தது நேர்எதிர்.

இதைவிடப் பெரிய தவறு, இறங்காமல் மீண்டும் மேலேறுவதை அவமானமாக நினைப்பது. பத்து நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) வேகம் கூடுதலாக வந்தாலே விமானம் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதித் துள்ளும். அந்த இடத்தில் முழு விசை கொடுத்து ஏறிவிடுவதே விமானியின் வேலை. ஏறும் அவசரத்தில், தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்னால் இறக்கிவைத்த ஃப்ளாப்பை ஒரேயடியாக மடக்கிவிடாதீர்கள். தூக்குவிசை சட்டென்று போய், விமானம் அமிழும். படிப்படியாக மடக்க வேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டதாகப் பாவித்துச் செய்யும் பயிற்சியிலும் அவசரம்தான் எதிரி. பலரின் கை முதலில் செக்லிஸ்டைத் தேடிப் போகிறது. முதலில் சறுக்குவேகத்தை, அதாவது எஞ்சின் இல்லாமலே அதிகத் தூரம் போக உதவும் வேகத்தைப் பிடியுங்கள். 172 எஸ் வகையில் அது 68 நாட். பிறகு வயலைத் தேர்ந்தெடுங்கள். மறுபடி முடுக்கும் முயற்சியெல்லாம் அதற்கும் பிறகு. வயல் எட்டாது போலத் தோன்றும்போது மூக்கைத் தூக்கினால் எட்டிவிடலாம் என்று கை சொல்லும். கை சொல்வதைக் கேட்காதீர்கள். வேகம் விழுந்து, இன்னும் செங்குத்தாகத்தான் இறங்குவீர்கள்.

கடைசி வகுப்பை நன்றாக வருவதையே செய்துகாட்டிப் பாராட்டு வாங்கும் நாளாக ஆக்கிக்கொள்வதும் வீண்தான். எது வரவில்லையோ அதைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சியாளரைத் தேர்வாளர் போல வாய் திறக்காமல் உட்காரச் சொல்லுங்கள். அவர் ஒவ்வொரு முறையும் "வேகம், வேகம்" என்று நினைவூட்டியது அன்றைக்குத்தான் உங்களுக்கு உறைக்கும்.

பறந்த நேரக் குறிப்பேட்டைக் கடைசி இரவில் கூட்டிப் பார்க்காதீர்கள். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே தலைமை விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் பொருந்துகிறதா என்பதை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் ஊருக்கு ஓடிவந்து, விடியற்காலையில் நாகர்கோவிலில் பஸ் ஏறித் தூக்கக் கண்ணோடு போய் நிற்கவும் வேண்டாம். அம்மா வைக்கும் மீன் குழம்பு மறுநாளும் கிடைக்கும்.