மனநோய் மருந்து எடுப்பவருக்கு உடல் விறைத்துக் காய்ச்சலும் வந்தால்

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகளில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியோ அளவைக் கூட்டியோ இரண்டு வாரம் ஆகாத நிலையில், நோயாளியின் உடல் விறைத்து, காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அவரை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையை மருந்து தடுப்பதால் உண்டாகும் இந்த நிலைக்கு நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்று பெயர். அரிதாகவே வரும் என்றாலும், கவனிக்கத் தவறினால் இது உயிரைப் பறிக்கக்கூடியது.

பலருக்குக் காய்ச்சலுக்கு முன்பே குழப்பமும் பேச்சின்மையும் விறைப்பும் தோன்றிவிடுகின்றன. இதைக் காணும் குடும்பத்தினர் மனநோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரையைக் கொடுத்துவிடுவதுதான் என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. ஆகவே, அவருடைய முழங்கையை மெதுவாக மடக்கிப் பாருங்கள். ஈயக் குழாயை வளைப்பதுபோல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகக் கை எதிர்த்தால், அது சாதாரண இறுக்கம் அன்று. அதோடு மிகுந்த வியர்வை, படபடவென்று ஓடும் நாடி, ஏறி இறங்கும் இரத்த அழுத்தம், விழுங்க முடியாமை, தேயிலைச் சாயம் போன்ற சிறுநீர் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம். குளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர்களுக்கு விறைப்பு குறைவாகவும் இருக்கலாம்.

அடுத்த வேளை மனநோய் மருந்தைக் கொடுக்காமல், ஈரத்துணியால் உடலைத் துடைத்தபடி, அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதீர்கள். மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்துச் சென்று, நீண்டநாள் வேலைசெய்யும் மனநோய் ஊசி போட்டிருந்தால் அதன் தேதியையும் சொல்லுங்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடும் டோபமினைத் தடுப்பதே என்பதால், மனநோய் மருந்து எடுப்பவர் என்பதை முதலிலேயே தெரிவிப்பது நல்லது.

தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து இருப்பதால், மருத்துவர்கள் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவைப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் லிட்டருக்கு 1,000 யூனிட்டைத் தாண்டியிருக்கும். மூளைக்காய்ச்சல் இல்லை என்பதையும் உறுதிசெய்வார்கள். மருந்தை நிறுத்துவது, நரம்பு வழியாக நீரேற்றுவது, உடலைக் குளிர்விப்பது ஆகியவையே சிகிச்சையின் அடிப்படை. தேவைக்கேற்ப லோராசெபம், புரோமோகிரிப்டின், டாந்த்ரோலீன் ஆகிய மருந்துகள் தரப்படும். இவற்றுக்கும் மசியாதவர்களுக்கு மின் அதிர்வு சிகிச்சை உதவும்.

மாத்திரையால் வந்தது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தணியும்; நீண்டநாள் ஊசியால் வந்தது கூடுதல் காலம் நீடிக்கும். முழுமையாகக் குணமாகிக் குறைந்தது இரண்டு வாரம் கழிந்த பிறகே, வேறொரு மருந்தை மிகக் குறைந்த அளவில், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் தொடங்க வேண்டும்.